முன்சக்கரத்தில் சுற்றிய ஈயம்

என் கணவரின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தபோது எனக்கு ஒரு கைப்பையும் தன் தம்பிக்கு ஒரு வண்டியும் கொண்டுவந்தார். ரிமோட்டில் ஓடுகிற வண்டி. ஒரு முழ நீளம் இருக்கும். உள்ளங்கையைவிடப் பெரிய நான்கு டயர்கள், அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கின. தரையில் விட்டதும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. பாய்ந்து ஓடும் என்று பார்த்தால் நத்தை மாதிரி நகர்ந்தது.

“இது ரேஸ் வண்டி இல்ல. பாற மேல ஏறுற வண்டி” என்றார் அண்ணன்.

செருப்பு, தலையணை, அரிசி மூட்டை என்று வழியில் வைத்த எல்லாவற்றின் மேலும் அது ஒவ்வொரு சக்கரமாகத் தொற்றி ஏறியது. சக்கரம் ஒன்று மேலே போக, மற்ற மூன்றும் தரையை விடாமல் பிடித்துக்கொண்டன. அந்த நிமிடமே எனக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் வாடகை வீடு. அவர் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, இன்வெர்ட்டரும் ஸ்டெபிலைசரும் ரிப்பேர் செய்கிற கடையில் வேலை பார்த்தேன். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஊரெல்லாம் கரண்ட் கட். கடையில் நிற்க இடமிருக்காது. காலையிலிருந்து சாயங்காலம் வரை சால்டரிங் அயர்ன் கையிலேயே இருக்கும். விரலில் சூடு படாத வாரம் கிடையாது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வண்டிக்குள் இருந்த மோட்டார், ஒயர், பேட்டரி எல்லாம் என் அன்றாடப் பிழைப்பு. ஆனால் என் கணவர் அதைத் தூக்கிக்கொண்டு போனது தன் நண்பரிடம்.

நண்பருக்கு பிள்ளையார்பாளையத்தில் வீடு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை. இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவர் இன்டர்நெட்டில் தேடி, வெள்ளைக்காரர்கள் இந்த மாதிரி வண்டிகளை எப்படி மாற்றியமைக்கிறார்கள் என்று கத்தை கத்தையாகப் பிரின்ட் எடுத்து வருவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கூடத்தில் செய்தித்தாள் விரித்து இருவரும் வண்டியைப் பிரித்துப் போடுவார்கள்.

“சிஸ்டர், டீ கெடைக்குமா?” என்பார் நண்பர்.

டீ வைத்துக்கொண்டே எட்டிப் பார்ப்பேன். நண்பர் ஒயரைப் பற்றவைக்கும் விதத்தைப் பார்த்தால் கை பரபரக்கும். ஒரு நாளாவது என் கணவர் திரும்பி, “நீ கொஞ்சம் பாரேன்” என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானாகப் போய்க் கேட்கவும் என் ரோஷம் விடவில்லை.

சித்திரையில் தாமல் ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது. கரையின் உட்புறச் சரிவு முழுக்கக் கருங்கல் பதித்திருப்பார்கள். இந்த வண்டிக்கு அதைவிட நல்ல இடம் சுற்றுவட்டாரத்தில் கிடையாது என்று நண்பர் கண்டுபிடித்தார். நாங்கள் ஒரு பைக்கில், நண்பரும் அவர் மனைவியும் ஒரு பைக்கில் போனோம். வண்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான்.

கீழிருந்து மூன்று கல் ஏறும். நான்காவது கல்லில் மூக்கைத் தூக்கும், அப்படியே பின்பக்கமாக மல்லாந்துவிடும். என் கணவர் ஓடிப்போய் நிமிர்த்தி வைப்பார். மறுபடியும் மல்லாந்துவிடும். மூன்றாவது தடவை விழுந்தபோது எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. பேட்டரி பின்னால் இருந்தது, அதுவும் மேலே. ஏற்றத்தில் கனமெல்லாம் பின்னுக்கு இழுத்தது.

“என்கிட்ட ஒரு தடவ குடுங்களேன்” என்றேன்.

“இரும்மா, சார்ஜ் கம்மியா இருக்குது” என்றார்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நண்பரின் மனைவி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தவள், “அண்ணா, எனக்கு ஒருவாட்டி” என்று கையை நீட்டினாள். என் கணவர் கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு விடாமல் குனிந்து நின்று, “இத முன்னால தள்ளுமா, மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொடுத்தார். அவள் வண்டியைக் கவிழ்த்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் காது மடல் சுட்டது.

திரும்பி வரும்போது பைக்கில் அவர் இடுப்பைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

பேட்டரி விஷயத்தை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வண்டி ஏறியிருக்கும், அவர்களுக்குச் சந்தோஷமாகியிருக்கும். அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அவர்களோ மேலும் மேலும் தப்பாகப் போனார்கள். ஷாக் அப்சார்பரை உயர்த்திக் கட்டி வண்டியை நெட்டையாக்கினார்கள். கூரையில் நான்கு விளக்கு வைத்து, அதற்குத் தனியாக ஒரு பேட்டரியை மேலேயே ஒரு டப்பாவில் ஏற்றினார்கள். ஜீப் மாதிரி கம்பீரமாக இருந்தது. கரையில் விட்டால் இரண்டாவது கல்லிலேயே கவிழ்ந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளுக்குள் சிரித்தேன்.

நண்பரின் மனைவி ஒரு வாரம் அந்த வண்டியின் மேல்கூட்டுக்கு மாம்பழ நிறத்தில் பெயின்ட் அடித்து, அரக்குக் கலரில் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறவள், கலர் பொருத்தம் சொல்லவேண்டியதில்லை. என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “கைன்னா இதுமா கை” என்றார். இரண்டு வருஷத்தில் என் கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அன்று சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். நிஜமாகவே மறந்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அவர் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போய்விட்டார். ஒரு நாள் நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். என்ன செய்ய இருந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. உள்ளே ஒரு ஒயரை, வெளியே தெரியாத இடத்தில், வெட்டிவிட நினைத்தேன். ஓடாமல் கிடக்கட்டும் என்று.

கூட்டைக் கழற்றி, கட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு மோட்டார் ஒயரைப் பிடித்தேன். அங்கே நண்பர் வைத்த பற்று இருந்தது. ஈயம் சரியாக உருகாமல், சாம்பல் நிறத்தில், மூக்குச்சளி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. லேசாக ஆட்டினால் ஒயர் ஆடியது. எங்கள் கடையில் யாராவது அப்படிப் பற்றவைத்தால் முதலாளி போர்டைத் தூக்கி எறிவார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கட்டரை வைத்துவிட்டு அயர்னைச் சூடாக்கினேன்.

அதைச் சரிசெய்ததும் பக்கத்திலிருந்ததையும் சரிசெய்யத் தோன்றியது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. பேட்டரியைப் பின்னாலிருந்து கழற்றி, முன் அச்சுக்கு மேல், எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாகச் சாய்த்துக் கட்டினேன். ஷாக் அப்சார்பரைப் பழைய உயரத்துக்கு இறக்கினேன். முன்சக்கரம் இரண்டிலும் டயரை ரிம்மோடு பிடித்திருந்த வளையத்தின் திருகுகளைக் கழற்றி டயரைப் பிரித்து, உள்ளே ரிம்மைச் சுற்றி சால்டர் ஈயக்கம்பியை இறுக்கமாகச் சுற்றி டேப் ஒட்டினேன். விளக்குகளை அப்படியே விட்டேன். டப்பாவுக்குள் இருந்த பேட்டரியை மட்டும் எடுத்துவிட்டேன். உயரம் கொஞ்சம் குறைந்ததைத் தவிரப் பார்வைக்கு எதுவும் மாறவில்லை. நடுவில் கரண்ட் போனது. நானே பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்த இன்வெர்ட்டரில் அயர்ன் சூடு குறையாமல் நின்றது.

பின்கட்டில் வீட்டுக்காரர் அடுக்கியிருந்த செங்கல் மேல் விட்டேன். வண்டி மூக்கைத் தூக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, முன்சக்கரத்தால் கல்லைக் கவ்வி, உச்சிக்குப் போய் நின்றது. மத்தியானம் சாப்பிடாமல் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை நானே பையில் எடுத்து வைத்தேன். தாமலில் என் கணவர் அதைக் கீழே விட்டு ரிமோட்டைத் தள்ளினார். மூன்றாவது கல், நான்காவது, ஏழாவது. கரையின் உச்சியில், வானத்துக்கு எதிரே, மாம்பழ நிறத்தில் போய் நின்றது. அவர் ஓடிப்போய் நண்பரைக் கட்டிக்கொண்டார்.

“மச்சான், இன்னாடா பண்ண?”

நண்பர் ஒரு கணம் விழித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, “போன வாரம் லைட்டா அட்ஜஸ்ட் பண்ணேன்பா. செட் ஆவுமோ ஆவாதோன்னு சொல்லல” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் காலடியில் கிடந்த கல்லை எட்டி உதைத்தேன். என் கணவர் அவர் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். நண்பரின் மனைவி மட்டும் மேலே ஏறி வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விளக்கு ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தாள். எரியவில்லை. டப்பாவைத் திறந்தாள்.

“இதுல இருந்த பேட்டரி எங்க? நீங்க லைட்ட வுட்டுக் குடுக்காத ஆளாச்சே” என்றாள் தன் கணவரைப் பார்த்து. “போன வாரம் பூரா மெட்ராஸ்ல இருந்துட்டு எப்ப அட்ஜஸ்ட் பண்ணீங்க?” என்னைப் பார்த்தாள். என் விரலில் புதிதாக இருந்த சூட்டுக் கொப்புளத்தைப் பார்த்தாள். “அக்கா, நீங்களா?”

“ஆமா” என்றேன்.

நண்பர் செருப்பால் மண்ணைக் கிளறினார். என் கணவர் திரும்பினார். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் கதவு சாத்தினது போல ஆகிவிட்டது.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேக்கவே இல்லியே.”

ரிமோட்டைக் கல் மேல் வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் எடுக்கிற மாதிரி பைக் பக்கம் போய்விட்டார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். இரண்டு மாதமாக நான் போட்டுக்கொண்டிருந்தது. அவரிடம் அதைப் பார்த்தபோது முதலில் திருப்தியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பாவமாக இருந்தது.

இரண்டு வாரம் என் கண்ணெதிரே அவர் வண்டியைத் தொடவில்லை. மற்றபடி சாதாரணமாகப் பேசினார். ஒரு நாள் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “முன்சக்கரத்துல எவ்ளோ வெயிட்டு வச்ச?” என்று கேட்டார்.

“ஞாபகம் இல்ல” என்றேன்.

கிராம் கணக்கில் ஞாபகம் இருந்தது. கடைக்குப் போய் சால்டரிங் அயர்னைப் பிடித்த பிறகு என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. மதியம் அவர் செல்லுக்குப் போன் செய்து, “ஒரு சக்கரத்துக்கு நூத்திருவது கிராம். பின்னால ஒண்ணுமே வைக்கல” என்றேன்.

“இரு இரு, எழுதிக்கிறேன்” என்றார். பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. “பேட்டரிய ஏன் சாய்ச்சு கட்டின? வீட்டுக்கு வந்து காட்டு” என்றார்.

அதற்குப் பிறகு கூடத்துச் செய்தித்தாளில் எனக்கும் இடம் கிடைத்தது. நண்பர் ஒரு மாதம் வெட்கப்பட்டு வராமல் இருந்தார். பிறகு யாரிடமோ ஒரு பழைய வண்டியை வாங்கிக்கொண்டு, “சிஸ்டர், இதுக்கும் கொஞ்சம் கை வைங்க” என்று வந்து நின்றார். வைத்தேன். இந்த முறை டீ போட்டது என் கணவர்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நல்லவளாகத் தெரிந்திருப்பேன். நண்பரின் மனைவி அந்தப் பழைய வண்டியைத் தனதாக்கிக்கொண்டாள். மழை வந்து ஏரி நிரம்பிக் கற்கள் மூழ்கும்வரை, ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் கரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினோம். என்னைவிட அவள் நன்றாக ஓட்டினாள். தறியில் சத்தம் மாறினாலே இழை அறுந்ததைக் கண்டுபிடிக்கிற காது அவளுக்கு. மோட்டார் திணறுவதற்கு முன்பே கட்டைவிரலைத் தளர்த்திவிடுவாள். நான் கண்ணால் பார்த்து ஓட்டினேன். எனக்கு அது எப்போதும் அரை நொடி தாமதம்.

ஒரு ஞாயிறன்று மட்டும், மதகுக்குப் பக்கத்தில் ஈரக் கல்லில், என் வண்டி ஏறியது, அவளுடையது வழுக்கியது.

“டயர்ல இன்னாக்கா பண்ணீங்க?” என்று கேட்டாள்.

முந்தின நாள் டயருக்குள் இருந்த பஞ்சைக் கத்தரித்து மெலிதாக்கியிருந்தேன். டயர் கல்லில் இன்னும் நன்றாகப் படிந்தது. அவள் எனக்காகத் தன் புருஷனையே காட்டிக்கொடுத்தவள். அதுவும் அப்போது ஞாபகம் வந்தது.

“ஒண்ணும் பண்ணலியே” என்றேன்.

அவள் நம்பினாள். தன் விரல்தான் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு, மறுபடியும் கீழிருந்து ஏற்ற ஆரம்பித்தாள்.