அஞ்சலின் போட்ட மேக்

பதுளை பஸ் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில், மருந்துக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது அற்புதராஜின் கல்யாண வீடியோ ஸ்டூடியோ. எடிட்டிங் செய்தவள் அஞ்சலின். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, உயர்தரம் படித்துவிட்டு, போட்டோவுக்குச் சட்டம் போடும் வேலைக்கென்று அங்கே சேர்ந்தவள். ஒன்பது வருடத்தில் அந்தக் கடைக்கு மூளை என்று ஒன்று இருந்தால் அது அவள்தான் என்றாகிவிட்டது. முதலாளியிடமும் ஒன்று இருக்கக்கூடும் என்ற சந்தேகம் அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

கொழும்பில் ஏதோ கல்யாணக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அற்புதராஜுக்கு ஆப்பிள் கம்பெனியின் மேக் கம்ப்யூட்டர் மேல் பைத்தியம் பிடித்தது.

"மேக் இல்லாத ஸ்டூடியோவ இப்ப எவன் மதிக்கிறான்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினார்.

நிஜ மேக் வாங்க வசதி போதாது. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டரிலேயே மேக்கின் ஓ.எஸ்.ஸை ஏற்றிவிடலாம் என்று எவனோ காதில் போட்டுவிட்டான். அஞ்சலின் சொல்லிப் பார்த்தாள்.

"அந்தக் கம்பெனி இதுக்கு அனுமதி குடுக்கிறதில்லங்க மொதலாளி. என்னைக்கு வேணும்னாலும் கால வாரிடும். நம்ம வேலைக்கு விண்டோஸே போதும்."

"ஒனக்கு தெரியாது புள்ள. நீ போடு."

எந்த கிராபிக்ஸ் கார்டு மேக்கோடு ஒத்துப்போகும் என்று அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அவர் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வானவில் மாதிரி லைட் எரிகிற வேறொரு கார்டை வாங்கி வந்தார். அதை மேக்கில் ஓட்டுகிற டிரைவர் மென்பொருளே கிடையாது. "லைட்டு எரியுதே, அப்பறம் என்னா?" என்றார். அந்த மனுஷனிடம் விளக்கம் சொல்லிப் பயனில்லை என்று, கார்டைப் பெட்டியோடு திருப்பி அனுப்பி, தாளில் எழுதியதையே வாங்க வைத்தாள்.

பதினோரு நாள் போராடினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து கடகடவென்று ஓடும், ஓரிடத்தில் நின்றுவிடும். யாரோ எந்த நாட்டிலிருந்தோ இணையத்தில் எழுதியதை, தெரியாத ஆங்கிலச் சொல்லுக்குப் போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்துப் படித்தாள். சத்தம் வந்தால் வைஃபை வராது. வைஃபை வந்தால் திரை நடுங்கும். பன்னிரண்டாம் நாள் எல்லாம் ஒழுங்காக வந்தது. அற்புதராஜ் முதல் வேலையாகப் பெட்டியின் மேல் ஆப்பிள் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். போன வாரம் விண்டோஸில் அவள் முடித்த வீடியோவை அதில் ஓடவிட்டு, வந்தவர்களுக்குக் காட்டினார்.

"அடேயப்பா, கலரே வேற மாதிரி இருக்கே!" என்றார்கள் வந்தவர்கள். அஞ்சலின் அடுத்த வீடியோவை வெட்ட உட்கார்ந்தாள்.

பெயர் பரவியது. பண்டாரவளையிலிருந்தும் பசறையிலிருந்தும் ஸ்டூடியோக்காரர்கள் கம்ப்யூட்டரைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவளும் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொருவரிடமும், "அப்டேட் பண்ணச் சொல்லிக் கேக்கும். பண்ணாதீங்க. வேற டிஸ்க்குல ஒரு காப்பி வச்சுக்குங்க," என்று சொல்லி அனுப்பினாள். தலையாட்டாதவர் ஒருவரும் இல்லை. காப்பி எடுத்தவரும் ஒருவரும் இல்லை. அற்புதராஜ் கூட, இரண்டாவது டிஸ்க் வாங்கச் சொன்னதற்கு, வாசலுக்கு அலங்கார பல்பு வாங்கினார்.

மாதா கோயில் திருவிழாவுக்காக அவள் இரண்டு நாள் லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது அது நடந்தது. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், திரையில் அதே வெள்ளை எழுத்து, பாதியில் நின்றிருந்தது.

"அப்டேட் குடுத்தீங்களா?"

"சும்மா செவப்பா ஒண்ணுன்னு நம்பரு காட்டிக்கிட்டே இருந்திச்சு. கண்ண உறுத்துச்சு. அமுக்கிட்டேன்," என்றார் அற்புதராஜ்.

அவருக்குப் பக்கத்தில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கொழும்பிலிருந்து வரவழைத்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எதிரே நாற்காலியில், அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற குமாரசிங்கமும் அவர் மகள் சிவரூபியும். சிவரூபியின் கல்யாணம் முழுவதும் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருந்தது. கேமரா கார்டுகளை ஏற்கெனவே அழித்து, அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"என்ன தம்பி இது? ஆறு கிழமையாக் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லை எண்டு சொல்லிப்போட்டு, இப்ப அழிக்கப்போறம் எண்டுறியள்?" என்றார் குமாரசிங்கம்.

"அழிக்கிறது இல்லங்க ஐயா, ஃபார்மட்டு," என்றார் அற்புதராஜ்.

அஞ்சலினுக்குச் சிரிப்பு வரவில்லை. "எந்திரிங்க," என்றாள் அடையாள அட்டைக்காரனிடம். அவன் முதலாளியைப் பார்த்தான். "அவர ஏன் பாக்குறீங்க? எந்திரிங்க!"

முதன்முதலில் மேக்கை ஓடவைத்த அன்றே, அதைக் கிளப்பிவிடும் கோப்புகளை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துத் தன் கைப்பையில் வைத்திருந்தாள். அதைச் செருகினாள். அப்டேட் கேட்கிற புதிய கோப்புகள் இரண்டைத் தேடி இறக்கினாள். இரண்டு தடவை திரை பாதியில் நின்றது. சிவரூபி எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள். மத்தியானம் தாண்டி, மூன்றாவது தடவையில் மேக் எழுந்தது. டிஸ்க்கைத் திறந்தாள். தாலி கட்டுவது, ஆசீர்வாதம், எல்லாம் அப்படியே இருந்தன. சிவரூபி அழுதுவிட்டாள்.

"நம்ம புள்ளதாங்க ஐயா. எல்லாம் நான் பழக்கிவிட்டது," என்றார் அற்புதராஜ், கொஞ்சமும் கூசாமல்.

ஒன்பது வருடம் அடக்கிவைத்தது அப்போதுதான் வெளியே வந்தது. "இவரு பழக்கலங்க. இவருக்கு இந்தப் பெட்டிய ஆன் பண்ண மட்டுந்தான் தெரியும். ஆறு வாரமா கரண்டும் போகல. வெளிநாட்டுக் கல்யாண வேலை ஒண்ணு வந்திச்சு, ஒங்களுத தள்ளிப் போட்டாரு. ஒங்க படத்த ஒரு டிஸ்க்குல ஏத்தித் தாறேன், எடுத்துக்கிட்டுப் போங்க. நானும் இந்த மாசத்தோட இங்கருந்து போறேன்."

"நீங்கள் போறதெண்டால் நாங்களும் உங்களிட்டத்தான் வருவம்," என்றாள் சிவரூபி.

அந்த மாதக் கடைசியில் அஞ்சலின் விலகினாள். சிவரூபியின் கல்யாணப் படத்தை ஸ்பிரிங்வெளியில், வீட்டு முன்னறையில், விண்டோஸ் கம்ப்யூட்டரில் முடித்துக் கொடுத்தாள். சிவரூபி தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக் கலைவிழா வீடியோ வேலையையும் அவளுக்கே வாங்கிக் கொடுத்தாள். பிறகு வேலைக்குக் குறைவில்லை. அற்புதராஜ் அந்த அடையாள அட்டைக்காரனையே வேலைக்கு வைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டபோது, பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இன்றும் யாராவது போன் பண்ணி, "தங்கச்சி, நமக்கும் ஒரு மேக் போட்டுக் குடுக்கணுமே," என்று கேட்பதுண்டு. "எதுக்குங்க?" என்று மட்டும் கேட்பாள். "எல்லாரும் வச்சிருக்காங்களே," என்பார்கள். அவள் போனை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.