ஆடியில் பார்த்த மனை

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டார்கள். ஆனால் மனை பார்க்கப் போவதை யாரும் காரியத்தில் சேர்ப்பதில்லை. ஆடி முழுக்கச் சுற்றிச் சுற்றி இடம் பார்ப்பார்கள், ஆவணி பிறந்ததும் பத்திரம் முடிப்பார்கள். அப்பாவும் அப்படித்தான் செய்தார்.

காரைக்குடியில் நாங்கள் குடியிருந்த சந்தில் அரவை மில்லின் தவிட்டுத் தூசி ஓயாமல் பறக்கும். தங்கைக்கு இளைப்பு. பேச்சின் நடுவே நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டுதான் மிச்சத்தைப் பேசுவாள். அவளுக்காகவே அப்பா வெட்டவெளியாக ஓர் இடம் தேடினார். ஊருக்கு வெளியே, கண்மாய்க்குத் தென்மேற்கே ஒரு மனை கிடைத்தது. நாங்கள் பார்க்கப் போன அன்று மேல்காற்று அப்பாவின் வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. தங்கை கையை விரித்துக்கொண்டு அந்தப் பொட்டலில் ஓடினாள். ஓடியும் அவளுக்கு இளைக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா வேறு மனை பார்க்கவே இல்லை.

கண்மாய்க்கு அந்தப் பக்கம், வடகிழக்கில், குப்பையைக் கொட்டி எரிக்கும் கிடங்கு ஒன்று இருந்தது. அதன் புகை அன்று எங்களை விட்டு விலகி எங்கோ போய்க்கொண்டிருந்தது. அது ரொம்பத் தூரம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். இத்தனைக்கும் அவர் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வாத்தியார். தென்மேற்கிலிருந்து வரும் காற்று பருவம் மாறியதும் வடகிழக்கிலிருந்து வரும் என்று வருடந்தோறும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்துபவர்.

அடுத்த ஆவணியில் புது வீட்டில் பால் காய்ச்சினோம். ஐப்பசி வரை சுகமாகத்தான் இருந்தது. பிறகு வாடைக்காற்று திரும்பியது, புகையும் எங்கள் பக்கம் திரும்பியது. மார்கழியில் அந்த வாடையும் ஓய்ந்துவிட, புகை குளிரில் மேலே எழும்ப முடியாமல் கண்மாய்ப் பள்ளத்தில் படுத்துக் கிடந்து, விடிகாலையில் மெல்ல வீட்டுக்குள் நுழையும். எனக்கு அது பனியாகத் தெரிந்தது. எங்கள் வீடு கொடைக்கானல் மாதிரி என்று வகுப்பில் பீற்றிக்கொண்டேன். தங்கை ஆஸ்பத்திரியில் முகத்தில் மருந்துப் புகை பிடித்தபடி கிடந்தாள். புது வீட்டின் முதல் பொங்கலுக்கு அவள் வீட்டில் இல்லை.

அம்மா ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.

"வருசா வருசம் பிள்ளைகளுக்கு இந்தக் காத்தத்தானே நடத்துறீக?"

அப்பா மொட்டைமாடிக்கு ஏறிப் போனார். மறுநாள் மாடிக் கம்பியில் அம்மாவின் பழைய மஞ்சள் சேலைக் கிழிசல் ஒன்று பறந்தது.

அடுத்த ஆடியில் அந்தத் துணி கண்மாய்ப் பக்கமாகப் பறந்தது. அது வீட்டுப் பக்கம் திரும்பினால் தங்கையைச் சிங்கம்புணரியில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவது, மாசி கழிந்ததும் கூட்டி வருவது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். தங்கையோ இந்தப் பொங்கலுக்கு நம் வாசலில்தான் கோலம் போடுவேன் என்று கலர்ப்பொடியெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் துணி திரும்பிவிட்டது. அம்மா பையை எடுத்தாள். அவளை அனுப்புவதே அந்தத் துணிதான் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. யாருக்கும் தெரியாமல் மாடிக்குப் போய், துணியின் நுனியைக் கண்மாய்ப் பக்கமாக இழுத்து, என் ரிப்பனால் எதிர்க்கம்பியில் இறுக்கிக் கட்டினேன்.

சாயங்காலம் அப்பா வந்து பார்த்தார். தங்கச்சி போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடிக்குக் காத்திருந்தேன். அவர் அடிக்கவில்லை. முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"அவுத்து விடு ஆத்தா. அவ மூச்சு விடணும்."

அவிழ்த்தேன். துணி சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பியது. மறுநாள் அவள் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். நாளடைவில் பள்ளிக்கூடத்தையும் அங்கேயே மாற்றிவிட்டார்கள்.

அப்பா வீட்டை விற்கவும் பார்த்தார். ஆனால் ஆடியில் பார்க்க வருகிறவர்களிடம் அவரே மார்கழிப் புகையைப் பற்றிச் சொல்லிவிடுவார். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

தங்கைக்கு இப்போது இளைப்பு இல்லை, வேலைக்கும் மாமா வீட்டிலிருந்துதான் போகிறாள். போன ஆடிக்கு வந்தவள் கிளம்பும்போது, "எங்க வீட்டுக்குப் போயிட்டுப் போன் பண்றேம்ப்பா" என்றாள். அப்பா தலையை ஆட்டினார். அவள் அதைக் கவனித்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

துணியை அவிழ்த்த அன்று மாடியில் எனக்குப் போனது ஒரு பொங்கல் மட்டும்தான் என்று நினைத்து அழுதேன். அப்பா ஏன் என்னோடு கீழே இறங்கி வரவில்லை, இருட்டும் வரை அந்தத் துணிக்குக் கீழே ஏன் உட்கார்ந்திருந்தார் என்று யோசிக்கவில்லை. அவளுக்காகவே கட்டிய வீட்டிலிருந்து அவளையே அனுப்ப வேண்டியிருந்த மனுஷன் அவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.