நாய் நன்றாகத்தான் இருந்தது

நாய் என் மகளைக் கடித்தது சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. காரியம் கெட ஆரம்பித்தது ஆறு மணிக்கு, என் கணவரின் அக்கா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த கிண்ணத்தோடு வந்தபோது.

கருக்களாச்சேரிக் கரையில் காயப்போட்ட நெத்திலியை மகள் அள்ளிக்கொண்டிருந்தாள். படகடியில் படுத்துக்கிடக்கும் செவலை நாய் வந்து வாய் வைத்தது. விரட்டினாள். வலது உள்ளங்கையில் பல் இறங்கிவிட்டது. நான் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அண்ணி அவள் கையைப் பிடுங்கி, பல் பதிந்த குழிகளில் அந்தக் குழைவை அடைத்து, பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டினார். மூன்று நாள் பிரிக்கக் கூடாதாம். பிரித்தால் விஷம் மேலேறிவிடுமாம்.

மறுநாள் காலை டவுனில் ஒரு கிளினிக்கில் நாய்க்கடி ஊசி போட்டோம். அங்கே முதல் கேள்வி, நாய் உயிரோடு இருக்கிறதா என்பதுதான். கடித்த நாய் பத்து நாள் சாகாமல் இருந்தால் வெறிநோய் பயம் இல்லையாம். கட்டைப் பிரித்துப் பாருங்கள் என்றேன். மருந்து வைத்துக் கட்டியிருக்கிறது, தொடாதீர்கள் என்று கூட வந்த அண்ணி முந்திக்கொண்டார். வெளியே கூட்டம். இன்னொரு கையில் ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு தெருவே நாயைக் கவனித்துக்கொண்டது. ஓடிப்போகாமல் வலைக் கயிற்றால் கட்டிப்போட்டார்கள். மீன் தலை அவித்து வைத்தார்கள். தண்ணீர் குடித்தது, வாலாட்டியது என்று ஆள் மாற்றி ஆள் வந்து எனக்குச் சேதி சொன்னார்கள். மகளுக்கோ அன்று மத்தியானமே காய்ச்சல். கட்டுக்கு வெளியே விரல்கள் பருத்துப் பளபளத்தன.

"நாய் நல்லாத் தின்னுது. நீ ஏன் இப்புடி அலட்டிக்கிற?" என்றார் அண்ணி.

"நாய் தின்னா எனக்கு என்னங்க அண்ணி? இவ ஒரு வாய் தண்ணி எறங்காம கெடக்குறா."

கத்தரிக்கோலை எடுத்து நானே கட்டை வெட்டினேன். சுண்ணாம்புக்கு அடியில் சீழ். மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி ஒரு சிவப்புக் கோடு.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெறிநோய் வேறு, இது வேறு என்றார். நோயில்லாத நாயின் வாயிலும் கிருமிகள் உண்டு. காயத்தை அடைத்து மூடியதால் உள்ளேயே பெருகியிருக்கின்றன, ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து என்றார். உள்ளங்கையைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. விரல்கள் மடங்குமா என்று கேட்டேன். நாளைக்குப் பார்ப்போம் என்றார்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கும் மறுநாள் காலை, ஆழ்கடலுக்குப் போயிருந்த என் கணவர், கரை இறங்கிய கையோடு ஈரக் கைலியுடன் வார்டுக்குள் வந்தார். விரலை மடக்கச் சொன்னார். மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒவ்வொன்றாக மடக்கினாள். அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"பயப்படாத. வர்ற வழியில பாத்துட்டுத்தான் வர்றேன். நாய் நல்லாத்தான் இருக்கு."