வாயாடி என்றொரு நற்சான்று

காப்பீட்டுத் தொழிலில் இருக்கும் நாங்கள் வெள்ளம், தீ, விபத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே எடைபோடுவோம். அடுத்து வரப்போகும் மேலாளரை மட்டும் எடைபோட்டவர் எவருமில்லை. மேலாளர்களின் கீழ் வெந்து நொந்தவர்களே, எங்கள் தாம்பரம் கிளையில் எனக்கு வாய்த்த ஞானசேகரன் சாரைப் பற்றி உங்களிடம்தான் சொல்ல முடியும்.

மூழ்கிய டெம்போ

மழைவெள்ளத்தில் டெம்போவைப் பறிகொடுத்த அனகாபுத்தூர்க்காரர் ஒருவர், ஓட்டுநர் உரிமத்தின் நகலைத் தராமலேயே இழப்பீடு கேட்டு என் மேசையைத் தட்டினார். நகல் இல்லாமல் கோப்பு நகராது என்றேன், எனக்கே உரிய இனிமையோடு. சத்தம் வலுத்தது. வெளியே வந்த ஞானசேகரன் சார் எனக்காகவும் வாதாடவில்லை, வந்தவருக்காகவும் வாதாடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணே, ஒரு தாள் குறைஞ்சா இந்த மேடம் என்னையே விடமாட்டாங்க. வாங்க, ரெண்டு பேருமா கெஞ்சிப் பார்ப்போம்" என்றார். வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். மதியமே நகலோடு திரும்பினார்.

"மேனேஜரே பயந்துகினு கீறாரு, நான் எம்மாத்திரம்? இந்தாக்கா, புடி."

மண்டல அதிகாரி வந்த நாள்

திருநெல்வேலிப் பக்கம் புதிய கிளை திறக்க ஆள் தேடி மண்டல அதிகாரி வந்தார். போகிறவருக்குப் பதவி உயர்வு உண்டு. என் மகள் அப்போது பிளஸ் டூ, வீடு சிட்லபாக்கத்தில், கணவருக்கு வேலை கிண்டியில். மாற்றல் வந்தால் வேலையை விட்டுவிடுவேன் என்று சாரிடம் முன்பே சொல்லியிருந்தேன். "ம்" என்றதோடு சரி. அதிகாரி என் பெயரை எடுத்தபோது, தடுப்புக்கு அப்பாலிருந்து சாரின் பதில் தெளிவாகக் கேட்டது: "வேலை தெரியும் சார். ஆனா அந்த வாய் இருக்கே... ஒரே மாசத்துல ஏஜென்ட்டெல்லாம் ஓடிடுவாங்க."

மாலையில் அவர் அறைக்குள் போய்ப் பொரிந்து தள்ளினேன். கையெழுத்திட்டுக்கொண்டே கேட்டு முடித்தார்.

"புகழ்ந்திருந்தா இந்நேரம் பெட்டி கட்டிக்கிட்டு இருப்பீங்க மேடம்."

கேளாமல் செய்த உதவி

மகள் நிம்மதியாகத் தேர்வெழுதினாள். பதவி உயர்வு என்னைவிட இளையவரான முரளிக்குப் போயிற்று. வாயாடி என்று பொருள்படும் ஒரு வரி என் பணிக்குறிப்பில் ஏறிற்று. சாரின் சாதுரியம் என்னைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அதற்கு நான் தர வேண்டிய விலையை என்னைக் கேட்டல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்? அவர் ஓய்வுபெற்ற அன்று, மாலை போட்ட கையோடு அதையும் சொன்னேன். சிரித்தார்.

"கேட்டிருந்தா, நேரா அந்த அதிகாரிகிட்டயே போய் எல்லாத்தையும் போட்டு உடைச்சிருப்பீங்க."

நேர்மையாளர்

அடுத்து வந்தவருக்கு எதையும் ஒளித்துப் பேசத் தெரியாது. யார் யாரைப் பற்றி என்ன குறை சொன்னார்கள் என்பது ஒரே மாதத்தில் கிளை முழுவதற்கும் தெரிந்துபோய், மதிய உணவு மேசை மூன்றாகப் பிரிந்தது. என்னைப் பற்றியோ, கிளையிலேயே திறமையான அலுவலர் என்று மேலிடத்துக்கு எழுதினார். பதினைந்தாம் நாள், பதவி உயர்வோடு திருநெல்வேலிக்கு ஆணை வந்தது. மகளின் கல்லூரிக் கட்டணம் இருக்க, முன்பு சொன்னபடி வேலையை விடவும் வழியில்லை. ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். பாவம், உண்மையாகவே குழம்பிப்போனார்.

"இருக்கறதைத்தானே மேடம் எழுதினேன்?"

நேர்மையான மேலாளர் வேண்டுமென்று பணிக்காலம் முழுவதும் ஓயாமல் கேட்டவள் நான். கிடைத்த பிறகு, ஞாயிறுதோறும் தாம்பரத்தில் திருநெல்வேலிக்கு ரயிலேறும்போது அந்தப் பொய்யரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.