ரிட்டர்ன் என்றால் ஜீரோ

வைவா நாளில் எங்கள் லேபில் கேசரி பாத் வாசனைதான் அடிக்கும்... தேர்வு நடத்துகிறவர்களுக்கென்று வரும், கேசரியும் உப்புமாவும் சேர்ந்த சௌசௌ பாத் பொட்டலங்களை யாரோ யூபிஎஸ் மேல் வைத்துவிடுவார்கள். அந்தச் சூட்டில் நெய் உருகி லேப் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணக்கும்.

பாப்பா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அதனால் இது.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மைசூரில் ஒரு காலேஜ். இ-பிசினஸும் கம்ப்யூட்டிங்கும் சேர்ந்த பி.ஜி. கோர்ஸ். பாதிப் பாடம் காமர்ஸ்காரர்கள் எடுப்பார்கள், பாதி நாங்கள். கோர்ஸ்தான் ஒன்று, ஸ்டாஃப் ரூம் இரண்டு. டீ ஃபிளாஸ்க் எந்த ரூமில் இருக்க வேண்டும் என்பதற்கே ஒரு மீட்டிங் நடந்தது.

காமர்ஸ் பக்கம் ஜெயராஜ் சார். பிசினஸ் எதிக்ஸ் எடுப்பார். மைசூர்த் தமிழர், பேச்சில் பாதி கன்னடம். கஸ்டமரை ஏமாற்றுகிற கதை எதையாவது கேட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்... அவ்வளவு கோபம் வரும்.

அந்த வருஷ வைவா அன்றைக்கு ஒரே மேஜையில் அவரும் நானும். எதிரே மாதேஸ்வரி. கொள்ளேகால் பெண். மாமாவின் பட்டுச்சேலைக் கடைக்கு ஒரு வெப்சைட் செய்திருந்தாள். பெங்களூரில் வேலை உறுதியாகியிருந்தது, பாஸ் ஆனால் சேரலாம். இதில் போனால் அடுத்த வைவா அடுத்த செமஸ்டரில்தான். அதுவரை எந்தக் கம்பெனி காத்திருக்கும்?

நான் அவள் எழுதிய புரோகிராமைத் திரையில் ஓட்டிப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தேன். திரை அப்படியே இருக்க, சார் ஆரம்பித்தார்.

"ரிட்டர்ன் என்னம்மா பண்றே?"

"ஜீரோ சார்."

"ஜீரோன்னா? ஒண்ணுமே கிடையாதா?"

"ஆமா சார். எல்லாம் ஒழுங்கா முடிஞ்சா ஜீரோதான்."

"கஸ்டமர் சும்மா இருப்பாரா?"

"கஸ்டமருக்குத் தெரியவே தெரியாது சார். அது உள்ளேயே முடிஞ்சுடும்."

சார் கண்ணாடியைக் கழற்றினார்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. புரோகிராமில் ஒரு வேலை சிக்கலில்லாமல் முடிந்தால் 'ரிட்டர்ன் ஜீரோ' என்று எழுதுகிற வழக்கம் உண்டு. திரையில் அந்த வரிதான் இருந்தது, அவள் அதைச் சொல்கிறாள். சார் கேட்டதோ, வாங்கின சேலையை ஒருவர் திருப்பி அனுப்பினால் என்ன செய்வாய் என்று.

"அய்யோ தேவரே, இவ கடை போட்டா ஊரே போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கும்..." என்று கடவுளைக் கூப்பிட்டு முணுமுணுத்துக்கொண்டே சார் மார்க் ஷீட்டை இழுத்தார். என் சிரிப்பு நின்றுவிட்டது. சட்டென்று அவர் பேனா மேல் கை வைத்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்தவள் செய்கிற காரியமா அது...

"சார், ஒரு நிமிஷம். அவ சொல்றது புரோகிராம் ரிட்டர்ன். நீங்க கேக்கறது சேலை ரிட்டர்ன்."

"ஹௌதா? ரெண்டும் வேறயா?" நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. அவளைப் பார்த்தார். "ஏம்மா, ரெண்டு வருஷமா எங்க ரெண்டு பேர் கிளாஸ்லயும் உக்காந்திருக்கியே... எப்படிம்மா சமாளிச்சே?"

அதுவரை இழுத்துப் பிடித்து வைத்திருந்த அவளுடைய காலேஜ் பேச்சு அத்தோடு போய், ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"பீரியடு மாறுனா அர்த்தமும் மாறும்னு வெச்சுக்கிட்டமுங்க சார்."

சார் சிரித்தார். மறுபடி கேட்டார், இந்தத் தடவை சேலை என்று சொல்லியே. மடிப்புக் கலையாமல், ஃபால்ஸ் தைக்காமல் இருந்தால் "எடுத்துக்குவமுங்க" என்றாள். டேமேஜ் என்றால் கேள்வியே கிடையாது.

"அதை வெப்சைட்ல எங்கம்மா போட்டிருக்கே?"

"...போடலைங்க சார்."

"போடு. அதுக்கு மட்டும் மார்க் குறைப்பேன்."

குறைத்தார். பாஸ் போட்டார். அந்த மாதக் கடைசியில் அவள் பெங்களூர் போய்விட்டாள். அடுத்த செமஸ்டர் என் கிளாஸில் கடைசி பெஞ்சில் ஜெயராஜ் சார் வந்து உட்கார்ந்தார். எங்கள் பாடத்து வார்த்தைகளும் தெரிய வேண்டுமாம்.

இப்போது அவர் ரிட்டயர்டு. நான் பாப்பா பிறந்ததிலிருந்து வீட்டிலிருந்தே கிளாஸ் எடுக்கிறேன். வைவாவும் ஆன்லைன். வசதிதான், குறை சொல்ல மாட்டேன். திரையில் ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம், யாருடைய முணுமுணுப்பும் யாருக்கும் கேட்காது.

போன வாரம் ஒரு பையனிடம் காமர்ஸ் மேடம் "கிளையன்ட் யாரு?" என்று கேட்டார். "மொபைல் ஃபோன் மேடம்" என்றான். எங்கள் பாடத்தில் அது சரியான பதில். தகவல் கேட்கிற மெஷினைத்தான் நாங்கள் கிளையன்ட் என்போம். அவர் பாடத்தில் காசு கொடுக்கிற ஆள். பாப்பா அழுதுகொண்டிருந்ததால் நான் மியூட்டில் இருந்தேன். அன்மியூட் செய்வதற்குள் மார்க் போட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவன் பாஸாகவில்லை. மேடத்துக்கு இரண்டு மெயில் போட்டுவிட்டேன், பதில் இல்லை. மார்க் நாளை மறுநாள் யூனிவர்சிட்டிக்குப் போகிறது...

நாளைக்கு நேரிலேயே போகிறேன். பாப்பாவையும் தூக்கிக்கொண்டுதான். மேடம் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவனை மறுபடி கூப்பிடச் சொல்ல வேண்டும்.