அமாவாசை பஸ்ஸில் என் வலது கை

வலது கையில்தான் முதலில் தொடங்கியது. சும்மா மடியில் கிடக்கும்போதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி உருட்டுவதுபோல உரசிக்கொண்டே இருக்கும். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் டீ மாஸ்டராக இருந்தவன் நான். பாய்லருக்குப் பின்னால் நின்றுவிட்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

விழுப்புரத்தில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்றார். தமிழில் நடுக்குவாதம் என்றும் சொன்னார். முழுசாகப் போகாது, மாத்திரையால் அடக்கி வைக்கலாம் என்றார். ஐந்தாவது வரை படித்த எனக்கு முதல் பெயர் வாயில் நுழையவில்லை. இரண்டாவது பெயரைச் சொல்ல வெட்கமாக இருந்தது. தோள்பட்டை வலி என்று கடையில் பொய் சொல்லிவிட்டு வேலையை விட்டு நின்றேன்.

ஏழெட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். வெளியே போனால் கையைத் துண்டால் சுற்றி மறைத்துக்கொள்வேன். என் மனைவி காலையில் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறிக்கப் போய்விடுவாள். இனி நான் எதற்கு என்று நினைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு அமாவாசைக்கு முந்தின நாள் அவள் சொன்னாள். "மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்ட்டு வரலாம். மாத்திரையும் போடு, அம்மாவையும் பாரு. ரெண்டுல எது கேட்டா இன்னா?"

மறுநாள் மத்தியானம் சிறப்பு பஸ்ஸில் ஏறினோம். எப்படியோ இடம் கிடைத்தது. டிக்கெட் வாங்கும்போது துண்டு நழுவிக் கீழே விழுந்தது. யாராவது பார்த்தால் இந்தக் கை இன்னும் அதிகமாக ஆடும். எதிரே இருந்த பெண் பார்த்தாள். ஆட்டம் தோள் வரைக்கும் ஏறியது.

"அம்மா வந்துட்டாடி," என்றாள் அவள்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பெண்கள் கைகூப்பினார்கள். யாரோ என் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். ஒரு அம்மாள் கூடையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"தள்ளி நில்லுங்கடி, தாயிக்கு மூச்சு முட்டுது."

என் மீசையைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை.

"யோவ் கண்டக்டரு, அம்மாகிட்டயே டிக்கெட் கேட்டியே, கண்ணைக் குத்தப் போவுது," என்றான் ஒருவன்.

"சாமின்னாலும் ஒரு சீட்டு ஒரு டிக்கெட்டுதான்," என்றார் கண்டக்டர்.

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா, தெரியவில்லை.

அப்போது வல்லத்துக்காரப் பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் காலருகே குனிந்தாள்.

"தாயே, எங்க நைனாவுக்கும் ரெண்டு வருஷமா கை இப்படியே ஆடுது. யாரோ செய்வினை வெச்சிட்டாங்கன்னு சொல்றாங்க. மந்திரிச்சாச்சு, கயிறு கட்டியாச்சு. நீயே சொல்லும்மா, யாரு வெச்சது?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மலையனூர் வரைக்கும் தெய்வமாகவே போய் இறங்கியிருக்கலாம். ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் இருந்தால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களில் ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடுவாள். அவளுடைய அப்பா கையில் இன்னொரு கயிறு ஏறும்.

"யாரும் வெக்கலம்மா," என்றேன். பஸ் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "எனக்கு சாமி வரல. இது நோவு. நடுக்குவாதம்னு பேரு. உங்க நைனாவுக்கும் அதுவா இருக்கலாம். டாக்டருதான் பாத்துச் சொல்லணும்."

கைகூப்பியிருந்தவர்கள் கையை இறக்கினார்கள்.

"அப்ப அந்தப் பழத்தக் குடு," என்றாள் கூடைக்கார அம்மாள்.

முதலில் சிரித்தது என் மனைவிதான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வல்லத்துக்காரப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"இதுக்கு மாத்திரை இருக்குதா?"

"இருக்குது. போவாது, ஆனா அடங்கும்."

"எங்களுக்கு ஆஸ்பத்திரியில ஒண்ணும் தெரியாது. நீ கூட வர்றியாண்ணா?"

தாயாக இருந்தவன் அண்ணன் ஆகிவிட்டேன். சரி என்றேன்.

அடுத்த வாரம் அவளும் அவள் நைனாவும் நானும் விழுப்புரம் போனோம். வரிசை பெஞ்சில் பெரியவர் வேட்டி மடிப்புக்குள் கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியாத வித்தையா அது? நான் என் கையை எடுத்து முழங்கால் மேல் எல்லோரும் பார்க்க வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையையும் வெளியே எடுத்து, என் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உன்னுது வேகமா ஆடுது," என்றார்.

அவருக்கும் அதே நோய்தான் என்று டாக்டர் சொன்னார். அவர் வழியாகத் தெரிந்துகொண்டு இன்னும் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். டாக்டர் பார்க்கும் செவ்வாய்க்கிழமைகளில் அவர்களோடு போகிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே வாங்குவது, எந்த மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்று சொல்கிறேன். இப்போதும் புது மனிதர்களிடம் பேசக் கூச்சம்தான். என் நோயும் குறையவில்லை. சில நாள் வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு நகராது. ஆனால் திங்கள் சாயங்காலமே மறுநாளுக்கான சட்டையை எடுத்து வைத்துவிடுகிறேன்.

போன செவ்வாய் பெரியவரைக் கூட்டிவர வல்லம் போயிருந்தேன். அவர் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு போயிடும் நைனா, குடு, நான் போடறேன்," என்றாள் மகள்.

அவள் கையை அவர் தள்ளிவிட்டார்.

"அடுத்த பஸ்ஸு இருக்குது, வுடும்மா," என்று சொல்லி நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மூன்று பொத்தான் போட்ட பிறகுதான் முதல் பொத்தானே தப்பான ஓட்டையில் இருப்பது தெரிந்தது. அவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மேலேயிருந்து மறுபடியும் தொடங்கினார்.