சுவருக்கும் லேத்துக்கும் நடுவே

என் இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஆளாக எழுந்து போகிறவன் நான். ஆனால் இது எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பக்கத்தில் என் தம்பியும் இருந்தான்.

இரும்பைக் கடையும் லேத் மெஷின்களுக்கு டிஜிட்டல் ஸ்கேல் மாட்டுவது என் தொழில். பத்தொன்பது வருஷமாக இதுதான். இரும்பைச் சீவுகிற டூல் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிய, கைச்சக்கரத்தில் உள்ள பொடிப்பொடிக் கோடுகளை லேத் ஓட்டுகிற டர்னர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்கேலை மாட்டிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை. டிஸ்ப்ளேயில் பெரிய சிவப்பு நம்பராக வந்துவிடும். மயிரிழை நகர்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

தம்பி டர்னர். நாற்பத்தொரு வயது, ரெண்டு பெண்பிள்ளைகள். கண் மங்கிப்போய் அந்தக் கோடுகள் தெரியாமல் எட்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருந்தான். நான்தான் ஒரு பட்டறை ஓனரிடம் பேசினேன். "சும்மா கிடக்கிற லேத் ஒண்ணு இருக்கு. ஸ்கேல் மாட்டிக் குடுங்க. திங்கக்கிழமையே உங்க தம்பி வரட்டும்" என்றார். நல்ல லேத் ஏன் சும்மா கிடக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 10:20. பட்டறையில் ஆள் கிடையாது. ஓனர் ஷட்டரைத் தூக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"லேத்த சுவத்துல இருந்து நகத்த வேணாம். அப்படியே மாட்டிடுங்க."

எனக்குச் சுர்ரென்று வந்தது. நீள ஸ்கேல் லேத்தின் பின்பக்கம்தான் வரும். சுவருக்கும் லேத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. என் கை மட்டும் நுழையும். அவர் போனதும் கத்தினேன்.

"இவரு வந்து மாட்டுவாராமா?"

"விடுண்ணா. வேலை குடுக்கிற மகராசன்" என்றான் தம்பி.

லேத்தின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நான் கைவிடாத ஒரே நல்ல பழக்கம் அது. இனி யார் சுவிட்சைத் தட்டினாலும் மோட்டார் ஓடாது. டிஸ்ப்ளேவுக்கு வேறு பிளக்.

11:05. ஸ்கேல் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க டயல் கேஜை வைத்தேன். சின்னக் கடிகாரம் மாதிரி முள் உள்ள கருவி. அத்தனை டன் இரும்பு எங்கே அசையப்போகிறது என்பீர்கள். ஒரு ஆள் லேத்தில் சாய்ந்தாலே முள் ரெண்டு கோடு நகரும்.

முள் ரெண்டு கோடு நகர்ந்தது.

"சாயாதடா" என்றேன், தலை நிமிராமல்.

முள் அப்படியே நின்றது.

"டேய், உன்னத்தான். நகரு."

முள் மெதுவாகப் பழைய இடத்துக்கு வந்தது. அப்புறம்... மறுபடி ரெண்டு கோடு.

"யாரண்ணா திட்டுற?"

குரல் வாசலிலிருந்து வந்தது. தம்பி ரெண்டு டீயோடு ஷட்டருக்கடியில் குனிந்து நுழைந்துகொண்டிருந்தான்.

கேஜைத் தாங்கும் ஸ்டாண்டு ஆடுகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனாலும் ஒன்று உறுத்தியது. முன்னால் நின்று சாய்ந்தால் முள் ஒரு பக்கம் போகும். இது எதிர்ப்பக்கம் போனது. அதாவது, சாய்ந்தது பின்னாலிருந்து... அந்த நாலு விரல் இடைவெளியிலிருந்து.

12:40. ஸ்கேலின் கடைசி ஸ்க்ரூ கை நழுவிப் பின்னால் விழுந்தது. டிங்... டிங்... என்று உருண்டு சத்தம் நின்றது. இடது கையை உள்ளே விட்டுத் துழாவினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தரையும் எட்டாது.

உள்ளங்கையில் யாரோ ஸ்க்ரூவை வைத்தார்கள்.

"நல்லவேளை, எடுத்துட்ட" என்றேன்.

"என்னத்த?"

தம்பி எனக்குப் பின்னால், ஐந்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்து வயர் சீவிக்கொண்டிருந்தான். ஸ்க்ரூவைப் பார்த்தேன். ரொம்ப நேரம் யாரோ கைக்குள் பொத்தி வைத்திருந்த மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போதே மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால் 2:30க்கு டிஸ்ப்ளேயைப் போட்டதும் தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அண்ணா... கண்ணாடி இல்லாமலே தெரியுதுண்ணா. பெரியவளுக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமா?"

அவன் கண் கலங்கிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படி, "இங்கே வேலைக்கு வராதே" என்று சொல்வேன்? முழுங்கிக்கொண்டேன்.

டூலைச் சுமந்து ஓடுகிற பகுதிக்கு கேரேஜ் என்று பெயர். அதோடு பின்னால் ஒரு இரும்புப் பட்டை சேர்ந்து ஓடும். கேரேஜை இடது கோடிவரை தள்ளினேன். அங்கே பூஜ்யம் வைத்தேன். பிறகு வலப்பக்கம் இழுத்தேன். 300.000 மில்லிமீட்டர். எல்லாம் சரி.

இடது கோடி ஸ்க்ரூ மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. நான் என் கையால் இறுக்கிய ஸ்க்ரூ. திட்டிக்கொண்டே, ஸ்க்ரூ இறுக்கும் ஆலன் கீயோடு இடது கையை உள்ளே விட்டேன். என் கை இருந்தது பூஜ்யம் வைத்த இடத்தில். கேரேஜ் திரும்பி வந்தால் பின்னால் உள்ள பட்டை வந்து நசுக்குகிற இடம்.

2:41.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

இழுத்தேன். பிடி இறுகியது.

"அண்ணா, நம்பர் ஓடுது" என்றான் தம்பி.

"சக்கரத்த விடுடா!"

"நான் தொடவே இல்லண்ணா!"

ர்ர்ர்ர்ர்...

மோட்டார் சத்தம். பத்தொன்பது வருஷமாகக் கேட்கிற சத்தம், எனக்குத் தெரியாதா? வலது கையால் சட்டைப் பையைத் தொட்டேன். ஃபியூஸ் அங்கேதான் இருந்தது.

"இருநூத்தி நாப்பது... அண்ணா, கேரேஜ் உன் பக்கம் வருது!"

"நிறுத்துடா!"

சிவப்புப் பட்டனை அடித்தான். லீவரைத் தூக்கினான். ரெண்டு கையாலும் சக்கரத்தைக் கட்டிப்பிடித்தான். அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது.

நூற்றி எண்பது.

என் காதோரம், சுவருக்குள்ளிருந்து... மூச்சு.

நூற்றிப் பத்து.

"எண்ணெய்! கையில ஊத்துடா!"

எண்ணெய் டப்பாவை அப்படியே கவிழ்த்தான்.

அறுபது.

வழுக்கியது. பிடி நழுவியது. மறுபடி பிடித்தது... விரலை.

இருபது.

தம்பி என் இடுப்பைக் கட்டி இழுத்தான்.

ஐந்து.

டக்.

ரெண்டு பேரும் தரையில் விழுந்தோம். கை வந்துவிட்டது. கட்டைவிரல் நகம் வரவில்லை. ரத்தம் கொட்டியது. மோட்டார் சத்தம் நின்றுவிட்டது. டிஸ்ப்ளேயில் 0.000.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 0.005 ஆனது. பிறகு 0.010. மறுபடி 0.005. யாரோ சாய்ந்து மூச்சு வாங்குகிற மாதிரி.

தம்பி என்னைத் தரதரவென்று வெளியே இழுத்துப்போனான். "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். பட்டினி கிடந்தாலும் பரவால்ல, வாண்ணா" என்று சொல்லி அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. என் மணிக்கட்டில் நாலு விரல் தடம் கறுத்துக் கிடந்தது.

3:35. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நேராக ஓனர் வீட்டுக்குப் போனேன். மனுஷன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாவியை மேஜையில் எறிந்தேன். பையிலிருந்த ஃபியூஸையும் எடுத்து எறிந்தேன்.

"மெஷின் தானா ஓடி என் கைய நசுக்கப் பாத்துச்சு! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டு என் தம்பிய அங்க நிக்க வைக்கப் பாத்தியாய்யா? அவன் பொண்ணுங்களுக்கு யாருய்யா பதில் சொல்றது?"

அவர் என் கையைப் பார்க்கவில்லை. ஃபியூஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"என் பையில."

"மெஷின் ஓடினப்ப?"

"ஓடினப்பதான்!"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"ஒன்றரை வருஷம் ஆச்சு. முன்னாடி லேத் நடுவுல இருந்தது. பின்னால போய், சீவி விழுந்த இரும்புச் சுருள் எடுத்துட்டிருந்தாரு பழைய டர்னர். மெஷின் ஓடிருச்சு. சட்டைக் கை மாட்டி... உள்ள இழுத்துருச்சு. ஆள் போயிட்டாரு. அதுக்கப்புறம்தான் யாரும் பின்னால போக முடியாதபடி சுவத்தோட சேத்துத் தள்ளி வச்சோம்."

"யாரு மெஷின ஓட விட்டது?"

"யாரும் இல்ல. பட்டறையில அவரு மட்டும்தான்."

"அப்புறம் எப்படிய்யா ஓடும்?"

அவர் ஃபியூஸை விரலால் மெல்ல என் பக்கம் தள்ளினார்.

"உங்கள மாதிரியே அவருக்கும் ஒரு பழக்கம். பின்னால போறதுக்கு முன்னாடி இதப் பிடுங்கிருவாரு. அவரத் தூக்கினப்ப, இது அவரு சட்டைப் பையிலதான் இருந்துச்சு."